நீவாடு

நீருக்கடியில் பேச முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதைத் தெரிந்து வைத்திருப்பதும், வாயில் ரப்பர்த் துண்டைக் கவ்விக்கொண்டு எட்டு மீட்டர் ஆழத்தில் தொங்கிக்கொண்டிருப்பதும் வேறு வேறு. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேசிப் பிழைத்தவன் நான். வகுப்பறையில் ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும் பேச்சால் அதைச் சுற்றி வளைத்து, மாணவர் மறந்துபோகும் இடம் வரைக்கும் கொண்டுசென்று விட்டுவிட என்னால் முடியும். அந்தத் திறமை எனக்கு எவ்வளவு பெரிய கவசமாக இருந்திருக்கிறது என்பது, அது கழற்றப்பட்ட ஒரு காலைப்பொழுதில்தான் தெரிந்தது.

என் தம்பி 2019 முதல் மால்டாவில் கணினித் துறையில் வேலை பார்க்கிறான். மத்தியதரைக்கடலின் நடுவில், சிசிலிக்குத் தெற்கே இருக்கும் சிறு தீவு நாடு. 2024 அக்டோபரில் மூன்று வார விடுப்பில் அவனிடம் போயிருந்தேன். நான் அங்கே காண விரும்பியவை கற்கோயில்கள், பழைய நகரம், கல்வெட்டுகள். அவனோ மூன்றாண்டுகளாக ஸ்கூபா முழுக்கில் பித்துப் பிடித்தவனாக இருந்தான். "அண்ணே, வருசா வருசம் நெய்தல் பாடம் நடத்துறீங்க. கடலுக்குள்ள ஒரு தடவ தலைய விட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். பார்த்ததில்லை. திருச்செந்தூரிலும் இராமேசுவரத்திலும் அலையில் நின்று முங்கி எழுந்ததைச் சேர்த்துக்கொள்ள முடியுமென்றால் பார்த்திருக்கிறேன். மதுரைப் பக்கத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவன். எங்கள் கிணற்றில் நாலு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அங்கே பழகியிருந்தோம்.

மால்டா நாட்டின் இரண்டாவது தீவு கோசோ. உள்ளூர்க்காரர் வாயில் அது 'ஆவ்தெஷ்'. மால்டாவிலிருந்து படகில் இருபத்தைந்து நிமிடம். அங்கே ஒரு வாரம் தங்கி, தொடக்கநிலைப் பயிற்சியை முடித்து, அதன் பிறகு ஒரு சுரங்கத்துக்குள் முழுகுவது என்பது தம்பி வகுத்த திட்டம். 'தொடக்கநிலையாளருக்கும் ஏற்றது' என்று அந்தச் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லியிருந்தான். அந்தத் தொடரை நான் அப்படியே நம்பினேன். இப்போது யோசித்தால், ஏற்றது என்ற சொல்லுக்கு யாருடன், எந்த ஆழத்தில், எந்தக் கடலில் என்ற மூன்று வேற்றுமைகளும் தேவை.

பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. மருத்துவக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கென்று அதில் தனிக் கேள்விகள். 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்டவேண்டும். பிறகு முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே நீரை நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்றவேண்டும். பாடத்தின் முதல் விதியும் கடைசி விதியும் ஒன்றே: மூச்சை அடக்காதே. பத்து மீட்டர் இறங்கினால் நம்மீது உள்ள அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். மூச்சடக்கல்தான் முழுக்கின் முதற்கலை என்று முத்துக்குளிப்பைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிவந்தது, 1943இல் குஸ்தோவும் காஞானும் இந்தக் கருவியை உருவாக்கிய பிறகு, தலைகீழாகிவிட்டது என்பதை நாற்பத்தேழு வயதில் கற்றேன்.

எங்கள் பயிற்சியாளர் கோசோவில் பிறந்த பெண். என் மாணவிகளின் வயது. மிகக் குறைவாகப் பேசுவார். ஒன்றைச் செய்து காட்டுவார். என்னைச் செய்யச் சொல்லுவார். தவறினால் மறுபடியும் செய்து காட்டுவார். விளக்கவுரை கிடையாது. முதல் இரண்டு நாள் எனக்கு அது பெரும் குறையாகப் பட்டது. உரையாசிரியர் இல்லாத நூலைக் கையில் கொடுத்துவிட்டது போல.

அவரோடு நான் அதிகம் பேசியது கரையில்தான், அதுவும் மொழியைப் பற்றி. மால்டிய மொழி அரபியின் வழிவந்த செமித்திய மொழி. ஆனால் இலத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. இத்தாலியச் சொற்கள் பாதிக்குப் பாதி கலந்தது. கடல் 'பஹர்'. நீர் 'இல்மா'. கண்ணுக்கும் நீரூற்றுக்கும் ஒரே சொல், 'ஆய்ன்'. தமிழிலும் ஊற்றுக்கண் என்கிறோமே என்று நான் உற்சாகமாகத் தொடங்கி, கண் என்ற சொல்லின் பொருள்விரிவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் துடுப்புக் காலணியின் பட்டை திருகியிருக்கிறது" என்றார்.

*

த்வெய்ரா என்ற இடம் கோசோவின் மேற்குக் கரையில் உள்ளது. ஒரு காலத்தில் எல்லோரும் அங்கே போனது 'நீலச் சாளரம்' என்று பெயர்பெற்ற பாறை வளைவைக் காண. 2017 மார்ச் 8 அன்று புயலில் அது இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் வெறும் கடல். அதைப் பார்த்துக்கொண்டு சிலர் நின்றிருந்தார்கள். இல்லாத ஒன்றை இத்தனை பேர் வந்து பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குச் சற்றுத் தள்ளி, செங்குத்தான பாறைச் சுவர்களுக்குக் கீழே ஒரு குளம் போலக் கிடக்கிறது 'உட்கடல்'. சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்த குகையின் கூரை இடிந்து உண்டான பள்ளம் என்கிறார்கள். கூழாங்கல் கரை, மீனவர்களின் சிறு படகுக் கொட்டில்கள், ஆழமில்லாத அமைதியான நீர். அந்தக் குளத்தின் எதிர்ச்சுவரில், மேலிருந்து கீழ்வரை வாளால் கீறியது போல் ஒரு பிளவு. ஏறத்தாழ 80 மீட்டர் நீளம். அதன் வழியாகத்தான் கடல் உள்ளே வருகிறது. படகுகளும் அதன் வழியேதான் வெளியே போகின்றன. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் போய் வருகின்றன. முழுகுபவர்கள் அந்தப் படகுகளுக்குக் கீழே போகவேண்டும்.

இது முழுதும் மூடிய குகை அல்ல. தலைக்கு மேலே நீர்ப்பரப்பு உண்டு, அதற்கு மேலே காற்று உண்டு. ஆனால் அந்தப் பரப்பில் படகின் சுழல்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே போனால் மூச்சு கிடைக்கும் என்பது உடலுக்குத் தெரியும். மேலே போகக்கூடாது என்பது அறிவுக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தாகவேண்டும். குளத்துப் பக்கம் நுழையும்போது அடித்தளம் மூன்று மீட்டர் ஆழந்தான். உள்ளே செல்லச் செல்லப் பாறைக் குண்டுகள் சரிந்து இறங்கி, கடல்வாயில் 26 மீட்டர் ஆகிறது. எங்களைப் போன்ற தொடக்கநிலைச் சான்றிதழ்க்காரர்களுக்கு எல்லை 18 மீட்டர். ஆகவே தரையைத் தொடாமல், பரப்பையும் நெருங்காமல், நடுவில் மிதந்து போகவேண்டும். மேலும் கீழும் பிடிமானம் இல்லை. சுவர்கள் மட்டும் இரண்டு பக்கமும்.

முதல் நாள். பயிற்சியாளர் முன்னால், நான் நடுவில், தம்பி பின்னால். குளத்தின் சேற்றுத் தரையையும் புற்களையும் கடந்து பிளவுக்குள் நுழைந்தோம். ஒளி ஒரே நொடியில் அணையவில்லை. மாலை மங்குவது போல மங்கியது. தொலைவில், கடல்வாயிலில், ஓர் உயரமான நீலக் கீற்று. அதுதான் போகவேண்டிய இடம். இருபது மீட்டர் போயிருப்போம். ஆழமானி எட்டு மீட்டர் காட்டியது.

அப்போது படகு வந்தது.

நீருக்குள் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். இடது காதுக்கும் வலது காதுக்கும் அது போய்ச்சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு திசையை அறியும் நம் மூளை, அங்கே தோற்றுப்போகிறது. ஆகவே அந்த இயந்திரம் மேலே வரவில்லை. அது என் மண்டைக்குள் இருந்தது, சுவரில் இருந்தது, கீழே இருட்டில் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஓசையைப்போல் மனிதனைச் சிறுபிள்ளையாக்குவது வேறில்லை. என் மூச்சு குறுகியது. குமிழிகள் இடைவிடாமல் பொங்கின.

பயிற்சியாளர் திரும்பி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினார். நலமா என்று பொருள். நலமென்றால் அதே வளையத்தை நான் திருப்பிக் காட்டவேண்டும். நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

நிலத்தில் அதற்கு 'நன்று' என்று பொருள். நீருக்கடியில் 'மேலே போகலாம். இந்த முழுக்கு முடிந்தது' என்று பொருள். மூன்று நாளில் மூன்று முறையாவது இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். எல்லாத் தொடக்கநிலையாளரும் செய்யும் பிழை என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, விதிப்படி, அதே குறியைத் தான் காட்டி, கேட்பது போலத் தலையைச் சாய்த்தார். கட்டைவிரல்? நான் மறுபடியும் கட்டைவிரலைக் காட்டினேன்.

உடனே என் கையைப் பற்றி, வந்த வழியே திருப்பினார். தம்பியும் திரும்பினான். குளத்தின் ஓரத்தில் நீர் இடுப்பளவு வந்ததும் எழுந்து நின்றோம். வாயிலிருந்து கருவியை எடுத்ததும் நான் பேசத் தொடங்கினேன். தவறுதலாகக் காட்டிவிட்டேன், நிலத்து வழக்கம், அனிச்சையாக வந்துவிட்டது, நான் நன்றாகத்தான் இருந்தேன், காற்றும் நிறைய இருக்கிறது, வேண்டுமானால் இப்போதே மறுபடி போகலாம்.

அவர் கேட்டுக்கொண்டே தன் கண்ணாடியைக் கழுவினார். "கட்டைவிரலுக்குக் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை" என்றார். "யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறீர்களா?"

அவ்வளவுதான். அவர் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று இரவு தம்பி கோழி வறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "அண்ணே, மொதத் தடவ தப்பாக் காட்டுனீங்க, சரி. ரெண்டாந்தடவ?"

*

இரண்டாம் முறை நான் தவறாகக் காட்டவில்லை. என் கட்டைவிரல் தனக்கு வேண்டியதைச் சரியான இலக்கணத்தோடு சொன்னது. அதை நான் கரையேறி மறுத்துப் பேசினேன். படுக்கையில் புரண்டபடி இதை ஒத்துக்கொண்டபோது, வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. ஏன் அது வந்தது என்று வெகுநேரம் எனக்குப் புரியவில்லை.

2009ஆம் ஆண்டு. முதுகலை முதலாண்டு மாணவர் கருத்தரங்கு. தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து வந்த ஒரு மாணவன் நெய்தல் திணையைப் பற்றிக் கட்டுரை படித்தான். அவன் அப்பா சங்கு குளிப்பவர். அது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தான். படகில் காற்றமுக்கி ஓட, அதிலிருந்து இறங்கும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடித் தரையில் நடந்து சங்கு எடுக்கும் தொழில். கட்டுரை சுமாராகத்தான் இருந்தது. எங்கள் உரைகளையே திருப்பி எழுதியிருந்தான். இரண்டாம் பக்கத்தில் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, எழுதாத ஒரு வாக்கியத்தைச் சொன்னான். கடலில் நீவாடு எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் தலைவன் புறப்பட்டிருக்க முடியும் என்பது போல ஏதோ ஒன்று.

நான் இடைமறித்தேன். "நீவாடா? அது என்ன சொல்?"

"கடல்ல தண்ணி ஓடுறது ஐயா."

"நீரோட்டம் என்று சொல். இது முதுகலைக் கருத்தரங்கு. மீன் ஏலம் அல்ல."

அவையில் சிரிப்பு எழுந்தது. அதை எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடவேண்டும். அவன் தாளைப் பார்த்தான். மேலே படிக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றேன். நிற்கிறான். "காரணம் சொல்" என்றேன். "வாயில் என்ன வைத்திருக்கிறாய்?" என்றேன். ஒருவன் பேசாமல் நிற்பது எனக்கு அன்று அவமரியாதையாகத் தெரிந்தது. ஒரு முழு நிமிடம் இருக்கும். பிறகு இறங்கிப் போய் உட்கார்ந்தான். அடுத்த மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. அதன்பின் வந்தான், பட்டமும் முடித்தான், என் வகுப்பில் மட்டும் இரண்டாண்டும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு உழைப்பு போதாது என்று துறையில் சொல்லியிருக்கிறேன்.

நீரோட்டம் நல்ல தமிழ்ச் சொல், நீவாடு பேச்சு வழக்கு என்ற என் அன்றைய இலக்கணத்தைப் பற்றி இன்று வாதிடலாம். நீரும் வாட்டமும் சேர்ந்த சொல்லா என்று வேர் தேடலாம். (அப்படித் தேடத்தான் முதலில் கை போகிறது. நோய் அது.) ஆனால் அந்த இரவில் எனக்கு உறுத்தியது சொல்லாராய்ச்சி அல்ல. கட்டைவிரலைக் காட்டியவனிடம் காரணம் கேட்பதில்லை என்ற விதியை அந்தப் பெண் எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்பதுதான்.

*

இரண்டாம் நாள் காற்று இல்லை. மத்தியதரைக்கடலில் ஓதம் மிகச் சிறிது. குளத்து நீர் நேற்று நின்ற கோட்டிலேயே நின்றது. நீரின் வெப்பம் 24 பாகை. இந்தக் கடலின் நீர் நம் கடல்களைவிட உப்பு மிகுந்தது. ஆகவே இடுப்பில் ஈயக்கட்டி ஒன்று கூடுதலாகக் கட்டவேண்டும். உயிர்ச்சத்துக் குறைந்தது, ஆகவே இவ்வளவு தெளிவு. வளமில்லாததால் வந்த தெளிவு என்று தம்பியிடம் சொன்னேன். "கீழ போயிட்டு வந்து கவித சொல்லுங்க அண்ணே" என்றான்.

நுழைந்தோம். அதே மங்கல், அதே நீலக் கீற்று. பயிற்சியாளர் இம்முறை என் பக்கத்திலேயே வந்தார். படகு வந்தது. ஓசை மண்டைக்குள் புகுந்தது. அவர் வளையம் காட்டிக் கேட்கவில்லை. தன் கையை மார்பின் முன் வைத்து, மெல்ல முன்னே தள்ளி, மெல்ல இழுத்தார். மூச்சு விடு, மூச்சு இழு. நான் விட்டேன். வெளிவிடும் மூச்சை நீட்டினால் அச்சம் குறைகிறது என்பது யோக நூல்களில் படித்ததுதான். அங்கே அது நூல் அல்ல, குமிழி. என் தலைக்கு மேலே பரப்பில் படகின் அடிப்பகுதி ஓர் இலைபோல நகர்ந்து சென்றது. அதன் பின்னால் வெண்ணுரைக் கோடு. போனபின் அந்தக் கோடு வெகுநேரம் கலையாமல் கிடந்தது. நேற்று நான் அதைப் பார்க்கவே இல்லை, கேட்டது மட்டுந்தான்.

கைவிளக்கைச் சுவரின்மேல் அடித்தார். நீலச்சாம்பலாகத் தெரிந்த பாறை, செம்மஞ்சள் பூத்தது. சிறு கிண்ணங்களை நெருக்கி அடுக்கியது போன்ற பவளங்கள், செந்நிறக் கடற்பஞ்சுகள். நிறங்களுள் சிவப்புதான் நீரில் முதலில் அணைகிறது. சில மீட்டருக்குள்ளேயே மங்கிவிடும். பத்துப் பதினைந்து மீட்டரில் விரல் கீறினால் இரத்தம் கரும்பச்சையாகத் தெரியும் என்பார்கள். விளக்கு நகர்ந்ததும் சுவர் மறுபடி சாம்பலானது. அவ்வளவு நிறமும் அங்கேயேதான் இருந்தது. ஒரு பிளவில் சிறு செம்மீன்கள் அசையாமல் நின்றன. நாங்கள் கடந்துபோகக் காத்திருப்பவை போல.

பாதியில், திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த பக்கம் பச்சை ஒளி. போகும் பக்கம் நீல ஒளி. ஒரே நீர்தான். இரண்டு வாயிலும் ஒரே அளவு தொலைவில் இருக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றோம். ஆழமானி 13 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் தரையில் இழுப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் காற்று செலவாகிறது. 200 அழுத்த அளவில் தொடங்கிய உருளை 140ஐ நெருங்கியிருந்தது. அவர் கேட்க, விரல்களால் சொன்னேன். எண்ணைச் சரியாகச் சொன்னதற்குப் பள்ளிப்பிள்ளையைப்போல் மகிழ்ந்தேன்.

நான் அஞ்சவில்லை என்று சொல்லமாட்டேன். அஞ்சினேன். ஆனால் அந்த அச்சத்தை யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எந்த நொடியிலும் கட்டைவிரலைக் காட்டலாம், காட்டினால் அந்தக் கை என் கையைப் பற்றித் திருப்பும், ஒரு கேள்வியும் வராது என்பது உறுதியாக இருந்ததால், அதைக் காட்டாமல் இருக்க முடிந்தது.

சுரங்கம் முடிந்த இடத்தில் தரை இல்லாமல் போயிற்று. பாறைச் சுவர் கீழே இறங்கிக்கொண்டே போனது. 50 மீட்டருக்கும் கீழே என்று பிறகு சொன்னார்கள். முன்னால் எதுவும் இல்லை. நீலம் என்று சொன்னால் ஒரு பொருளின் நிறம் என்று பொருள்படும். இது பொருளில்லாத நிறம். கருநிறச் சிறு மீன்கள் ஆயிரக்கணக்கில் அந்த வெளியில் சிதறி, ஒரே திசையில் முகம் வைத்து நின்றன. ஏன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன என்று எண்ணிய அதே நேரத்தில் நான் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தேன். நீந்தவில்லை. கால்கள் அசையவில்லை. சுவரில் இருந்த ஒரு வெள்ளைக் கறை என்னைவிட்டு மெல்ல விலகியது. மேலே பரப்பு கண்ணாடிபோல் அசைவற்றிருந்தது. பதினைந்து மீட்டரில் ஏதோ ஒன்று, ஒரு பெரிய விலங்கு தன் போக்கில் செல்லும்போது நம்மையும் தள்ளிக்கொண்டு போவதுபோல, என்னைக் கொண்டுபோயிற்று.

இந்த இழுப்புக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று என் மூளை தன் வேலையைத் தொடங்கியது. நீரோட்டம் என்று நினைத்தால் எனக்கு வைகைதான் தோன்றுகிறது. அதில் நீர் வரும் ஆண்டுகளில். கரை உண்டு, சரிவு உண்டு, மேலிருந்து கீழ் என்ற ஒரே திசை உண்டு. இதில் அவை எதுவும் இல்லை. எனக்கு வேறு சொல் தெரிந்திருந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஒருவன் சொல்லித் தந்தது.

பயிற்சியாளர் துடுப்புக்காலை இரண்டு முறை அடித்து வந்து என் தோளைத் தொட்டார். திரும்பினோம்.

*

ஊருக்கு வந்து, பழைய மாணவர்கள் சிலரை விசாரித்து, அவன் எண்ணை வாங்கினேன். அவன் என்று எழுதுவது இனிப் பொருந்தாது. அவருக்கு முப்பத்தேழு வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். சில ஆண்டு அப்பாவோடு சங்கு குளிக்கப் போய்விட்டு, இப்போது படகுக்கு வேண்டிய சாமான் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறார். எண்ணை வாங்கிய பிறகும் இரண்டு வாரம் அழைக்கவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று எழுதிப் பார்த்தேன். எழுதியது எல்லாம் கட்டுரைபோல் இருந்தது.

அழைத்தபோது, முதலில் கருத்தரங்கைப் பற்றிப் பேச முடியவில்லை. கோசோவைப் பற்றிச் சொன்னேன். சுரங்கம், படகு, கட்டைவிரல் எல்லாம். அவர் நன்றாகச் சிரித்தார். "எத்தன பாகம் எறங்குனீங்க ஐயா?" என்று கேட்டார். பதினைந்து மீட்டர் என்றேன். ஒரு நொடி கணக்குப் போட்டு, "எட்டுப் பாகம். நல்ல ஆழந்தான்" என்றார். அவர் அப்பா எவ்வளவு இறங்குவார் என்று கேட்டேன். "அவரு மீட்டரு பாக்கமாட்டாருய்யா. காதும் மூட்டும் சொல்லும். இப்ப மூட்டு ரொம்பப் பேசுது. நடக்க முடியல."

அதன்பிறகுதான் 2009ஐச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். மறுமுனையில் அமைதி. இம்முறை நான் அதை நிரப்பவில்லை. கடைக்கு யாரோ வந்து கயிறு கேட்பதும், அவர் விலை சொல்வதும் கேட்டது.

"அத வீட்ல போய்ச் சொன்னேன் ஐயா, அப்பவே" என்றார். "எங்கப்பா சிரிச்சாரு. வாத்தியாரு ஆத்தப் பாத்த ஆளு, கடல்ல தண்ணி மேல ஒரு பக்கமும் அடியில ஒரு பக்கமும் போவும்னு அவருக்கு எப்பிடித் தெரியும், விடுன்னாரு. எனக்குத்தான் விட முடியல, கொஞ்ச நாளு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தச் சொரங்கத்து வாயில நீவாடு இருந்துச்சுன்னீங்களே," என்று அவரே தொடர்ந்தார். "வாடைக்கா, சோழகத்துக்கா? எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். சூரியன் எங்கிருந்தது, கரை எந்தப் பக்கம், எதுவும் நினைவில் இல்லை. இடப்பக்கம் என்று மட்டும் தெரிந்தது. தெரியவில்லை என்றேன்.

"அதப் பாக்காமலா ஐயா எறங்குனீங்க?" என்றார்.